வடிகட்டியார் கழித்துப் போட்டது

உலகத்தில் வடிகட்டி என்று ஒரு மனித இனம் இருக்கிறது. காபி வடிகட்டுகிற சாமானைச் சொல்லவில்லை. இரண்டு கை, இரண்டு கால், மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் தொப்பை எல்லாம் உள்ள இனம். பார்ப்பதற்கு நம்மைப் போலத்தான் இருப்பார்கள். காது மட்டும் வேறு. கடவுள் எல்லோருக்கும் காதைத் திறந்தே வைத்துத்தான் அனுப்பினார். இவர்கள் வந்து சேர்ந்த பிறகு அதன் மேல் ஒரு வலையைக் கட்டிக்கொண்டார்கள்.

நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சங்கதியை ஆசையாகச் சொல்ல ஆரம்பிக்கிறீர்கள். காலையில் பால்காரர் வராததிலிருந்து தொடங்கி, அதனால் கடைக்குப் போனதைச் சொல்லி, கடையில் எதிர்வீட்டு அம்மாள் நின்றதைச் சொல்லி, அந்த அம்மாள் முகம் ஒரு மாதிரி வாடியிருந்ததைச் சொல்லி, ஏன் வாடியிருந்தது என்பதன் வாசலுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். கேட்டுக்கொண்டிருந்த வடிகட்டி கையை உயர்த்துகிறார். "சரி, விஷயத்துக்கு வாங்க." முடிந்தது. என்ன சொல்ல வந்தோம் என்பது உங்களுக்கே மறந்துபோகிறது. எதிர்வீட்டு அம்மாள் கடைசிவரை முகம் வாடியே நிற்கிறாள்.

இவர்களில் பல வகை உண்டு. கூட்டத்தில் மற்றவர் அரை மணி நேரம் பேசியதை, "ஆக, எல்லாம் நல்லா போகுதுன்னு சொல்றார்" என்று ஒரு வரியில் மடித்து உட்கார வைக்கிற மேலதிகாரி ஒரு வகை. நீங்கள் வலியைச் சொல்ல வாயைத் திறக்கும்போதே மாத்திரை எழுதி முடித்துவிடுகிற வைத்தியர் ஒரு வகை. ஊரிலிருந்து அம்மா போனில் பேசும்போது, ஒலியைக் கூட்டி மேஜை மேல் வைத்துவிட்டு முகச்சவரம் செய்கிற பிள்ளை இன்னொரு வகை. இவர்கள் எல்லாம் பழக்கத்தால் வடிகட்டிகள். படித்து, பட்டம் வாங்கி, அதையே உத்தியோகமாகச் செய்கிற அசல் வடிகட்டி ஒருவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். என் கொழுந்தன். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தம்பி.

வடிகட்டி என்ற பெயரை வைத்தது அவருடைய மனைவிதான், அதாவது என் ஓரகத்தி. கல்யாணமான புதிதில் செல்லமாக வைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடவும் அதே பெயர் வசதியாக அமைந்துவிட்டது.

அவருடைய வேலை என்னவென்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொன்னவள், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். ஒன்று சொல்ல வேண்டும், அவருடைய கணக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் எதையும் சுருக்க மாட்டார். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மேஜைத் துணியில் விரலால் கோடு போட ஆரம்பித்தார்.

"அண்ணி, ஒரு பாட்டு ஓடுதுன்னு வச்சுக்குங்க. பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. அது முழுப் பாட்டையும் கேட்டுட்டு, இதுல இன்னின்ன சுரம் இருக்குன்னு சொல்லிடும். ஆனா எந்தச் சுரம் எப்ப வந்துச்சுன்னு கேட்டா முழிக்கும். என்னோட கணக்கு எப்ப வந்துச்சுன்னும் சொல்லும். அதுக்குப் பேரு வேவ்லெட். சின்ன அலை. எழும்பும், விழும், உடனே அடங்கிடும். அவ்வளவுதான் அதோட ஆயுசு. அந்தக் குட்டி அலையைப் பாட்டை வரைஞ்ச பெரிய கோட்டு மேல வச்சு, இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் நகர்த்தி, எங்க பொருந்துதுன்னு பார்ப்போம். அப்புறம் அதையே இழுத்து நீட்டி இன்னொரு தடவை நகர்த்துவோம். சுருக்கினா வேகமானது அகப்படும். நீட்டினா மெதுவானது அகப்படும்."

எனக்குப் புரிந்தது. துணியில் கறை தேடுவதும் இப்படித்தான். கண்ணுக்குக் கிட்டே வைத்தும் பார்க்கிறோம், கையை நீட்டித் தள்ளி விரித்தும் பார்க்கிறோம். கிட்டே தெரிவது ஒன்று, தள்ளித் தெரிவது வேறு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் பூமி அதிர்வதைப் பார்க்கிறார்கள், மூளையில் மின்சாரம் ஓடுவதைப் பார்க்கிறார்கள், கடலுக்குள் திமிங்கிலம் பேசுவதைக் கேட்கிறார்கள். கடவுள் படைத்ததில் எது துடித்தாலும், நடுங்கினாலும், முணுமுணுத்தாலும் இவர்களிடம் ஒரு கோடாக வந்து சேர்ந்துவிடுகிறது. நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

"பொருந்துற இடத்துல பெரிய எண் வரும், அண்ணி. பொருந்தாத இடத்துல சின்ன எண் வரும். பெரிசை வச்சுக்குவோம். சின்னதையெல்லாம் பூஜ்யம் ஆக்கிடுவோம். அதெல்லாம் நாய்ஸ்." நாய்ஸ் என்றால் இரைச்சலாம்.

"எதுவரைக்கும் சின்னது, எதுக்கு மேல பெரிசு? அதை யாரு சொல்றது?"

"நான்தான் ஒரு கோடு போட்டிருக்கேனே."

பார்த்தீர்களா? கோட்டைப் போடுகிறவரும் அவரே, கோட்டுக்குக் கீழே இருப்பது இரைச்சல் என்று தீர்ப்புச் சொல்கிறவரும் அவரே.

அந்தக் கோட்டை அவர் ஆராய்ச்சிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. பையில் போட்டு வீட்டுக்கும் கொண்டுவந்தார். செய்தித்தாளில் தலைப்புகளைப் படித்துவிட்டு மீதியை என் வீட்டுக்காரரிடம் தள்ளுவார். குடும்பமாக நின்று எடுத்த படத்தில் ஓரத்தையெல்லாம் வெட்டி முகங்களை மட்டும் வைத்துக்கொள்வார். அதில் என் நாத்தனாரின் இரண்டு பிள்ளைகள் காணாமல் போனார்கள். என் வீட்டுக்காரரின் குறட்டையை ஒரு நாள் பதிவு செய்து கொண்டுபோய், சுத்தம் செய்து, வழவழவென்று ஒரு கோட்டைக் கொண்டுவந்து காட்டினார். படத்தில் குறட்டை போய்விட்டது. அறையில் போகவில்லை.

ஒரு முறை மாடியில் குழாய் ரிப்பேர். ஓரகத்தி போனில் அவரிடம் சொல்வதை நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "குழாய்க்காரர் வந்தாருங்க, வாஷர் தேஞ்சு போச்சாம், அவரு பையில இருந்தது வேற அளவாம், கடைக்குப் போயிருக்காரு, திரும்ப நாளைக்குத்தான் வருவாராம், அதுவரைக்கும் மாடித் தண்ணியத் திறக்காதீங்கன்னு..." அன்று சாயங்காலம் கொழுந்தன் வந்தார், தண்ணீரைத் திறந்தார், பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார். கீழே என் சமையலறையில் அரிசி டப்பாக்கள் மிதந்தன.

"என்ன தம்பி, அவ அவ்வளவு சொன்னாளே?"

"குழாய்க்காரர் வந்துட்டார்னு சொன்னா, அண்ணி. அதுதான் சிக்னல்."

மீதியெல்லாம் இரைச்சல். அந்த இரைச்சலைத்தான் நானும் அவளும் வாளி வாளியாக மொண்டு கொட்டினோம்.

இத்தனையும் சொன்னதால் அவரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளில் மாடிப்படியைக் கால் மணி நேரம் துடைத்தார், வழுக்கிவிடக் கூடாது என்று. துடைத்த ஈரத்தில் அவரே வழுக்கினார் என்பது வேறு விஷயம்.

அந்தச் சமயம் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு புதிய கருவி செய்திருந்தார்கள். தாயின் வயிற்றின் மேல் நாலைந்து கம்பிகளை ஒட்டிவிட்டால் போதும். தாயின் இதயம் துடிப்பதும் குழந்தையின் இதயம் துடிப்பதும் சேர்ந்து ஒரே கோடாக வரும். தாயுடையது பெரிய துடிப்பு. குழந்தையுடையது அதன் காலடியில் ஓடுகிற குட்டித் துடிப்பு. போதாததற்கு மூச்சு, புரண்டு படுப்பது, விளக்கின் மின்சாரம் எல்லாம் அதில் வந்து கலந்துகொள்ளும். இந்தக் கூட்டத்திலிருந்து குழந்தையின் துடிப்பை மட்டும் பொறுக்கி எடுத்துத் திரையில் காட்டுவதுதான் வடிகட்டியாரின் கைவேலை. ஒரு மருத்துவமனையில் அதைப் பரீட்சை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரகத்தி பிரசவத்துக்குப் பார்த்ததும் அதே மருத்துவமனைதான்.

ஏழாவது மாதத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"அக்கா, இவன் ஒழுங்காத்தான் இருக்கான். ஆனா நடுநடுவுல ஏதோ ஒண்ணு தவறுது. டக்குனு ஒரு மாதிரி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"உதைக்கிறானோ என்னவோ."

"உதை எனக்குத் தெரியாதா? இது அது இல்லக்கா."

அவரிடம் சொன்னாள். அவர் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எப்படிச் சொல்றதுன்னே தெரியலைன்னா அது நாய்ஸ்தான்மா." எனக்குச் சுருக்கென்றது. சொல்லத் தெரியாததெல்லாம் பொய்யா? நான் கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது என்ன கேட்கிறேன் என்று எனக்கே பாதி தெரியாது. கால் வலியில் ஆரம்பித்து, அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால், நாத்தனாரின் பேச்சு, கரண்டு போனது என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே பலநாள் திரும்பி வந்திருக்கிறேன். கடவுள் ஒரு நாளும் 'விஷயத்துக்கு வா' என்று கையை உயர்த்தியதில்லை.

மறுநாள் பரிசோதனைக்கு மூன்று பேருமாகப் போனோம். டாக்டரம்மா ஒரு சின்னக் கருவியை வயிற்றில் வைத்துக் கேட்டார். அறை முழுக்கக் குதிரை ஓடுகிற மாதிரி சத்தம். அந்தக் குதிரை எங்கோ ஓரிடத்தில் கால் இடறிவிட்டு மறுபடியும் ஓடியது. டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார்.

"நடுவுல ஒண்ணு தாண்டுற மாதிரி இருக்கே."

"உங்க கருவி நழுவுது, டாக்டர்," என்றார் நம்மவர். குரலில் ஒரு பெருந்தன்மை. "நம்ம மெஷினைப் போட்டுப் பார்த்துடலாம்."

பக்கத்து அறையில் அவளைப் படுக்க வைத்துக் கம்பிகளை ஒட்டினார்கள். நான் அவளுடைய கைப்பையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு கால்மாட்டில் நின்றேன். திரையில் குழந்தையின் துடிப்பு ஓடியது. அடடா, என்ன அழகு. அளவெடுத்துத் தைத்த தையல் மாதிரி, ஒன்றுக்கு அடுத்து ஒன்று, ஒரே உயரம், ஒரே இடைவெளி. தூசு தும்பு கிடையாது. வடிகட்டியார் கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்துவிட்ட தகப்பனைப் போல நின்றார்.

"பார்த்தீங்களா? அச்சு மாதிரி இருக்கு."

டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தலை கொஞ்சம் நரை, பேச்சு நிதானம்.

"படம் ரொம்ப அழகா இருக்கு, சார். அதான் எனக்கு யோசனையா இருக்கு. நான் எத்தனையோ குழந்தைகளைப் பார்த்துட்டேன். இவ்வளவு ஒழுங்கா ஒண்ணும் இருந்ததில்ல. உள்ள இருக்கும்போதும் சரி, வெளிய வந்த பிறகும் சரி." பிறகு கேட்டார்: "ஒரு துடிப்பு இடம் தவறி வந்தா உங்க மெஷின் என்ன பண்ணும்?"

"கம்பி அசைஞ்சா அப்படி வரும், டாக்டர். அதை எடுத்துடும். எடுத்த இடம் காலியா இருந்தா, அக்கம்பக்கத்துத் துடிப்பைப் பார்த்து ஒண்ணைப் போட்டு நிரப்பிடும்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் தேய்ந்துவிட்டது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல.

"எடுத்து எறிஞ்சதைக் காட்ட முடியுமா?"

"அது வெறும் நாய்ஸ், டாக்டர். அதுல பார்க்க ஒண்ணும் இருக்காது."

படுக்கையிலிருந்து என் ஓரகத்தி பேசினாள். "இருக்கட்டும், காட்டுங்க. நீங்க தூக்கிப் போடுறதையெல்லாம் குப்பையிலேருந்து பொறுக்கிக்கிட்டுத்தானே நான் குடும்பம் நடத்துறேன். போன வாரம் ஸ்கேன் சீட்டு எங்க கிடைச்சுது? வாழைப்பழத் தோலுக்கு அடியில."

வடிகட்டியார் விசைப்பலகையில் ஏதோ தட்டினார். முதலில் இருந்த கோட்டிலிருந்து தாயின் துடிப்பையும் குழந்தையின் சுத்தமான கோட்டையும் கழித்துவிட்டால் மிச்சம் வருமாம். அந்த மிச்சம் திரைக்கு வந்தது. பெருக்கி ஒரு மூலையில் தள்ளிய குப்பை போலத்தான் இருந்தது: ஒரே கீறல், கிறுக்கல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று கேட்காதீர்கள், அதிலும் ஒரு வரிசை இல்லை.

"இங்க ஒண்ணு," என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். கிறுக்கலுக்கு நடுவே அவருடைய விரல் ஒரு சின்ன மேட்டைத் தொட்டது. "இங்க ஒண்ணு. இதோ, இங்கயும்." ஒரே மேடு. ஒரே வடிவம். ஒவ்வொன்றும் வர வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவசரமாக எட்டிப் பார்த்திருந்தது.

வடிகட்டியார் தானாகவே சொன்னார், என்னைப் பார்த்து, ஏதோ நான்தான் அந்த அறையில் தலைமைப் பரீட்சகர் என்பது போல. "நாய்ஸ்னா தாறுமாறா இருக்கணும், அண்ணி. ஒரே முகத்தோட திரும்பத் திரும்ப வந்தா அது நாய்ஸ் இல்ல. இது எங்க பாலபாடம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவன் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கான். நான் அதை அழகா எடுத்துட்டு, என் கணக்குப்படி ஒரு பிள்ளையைப் போட்டு நிரப்பி வச்சிருக்கேன்."

"முழுசையும் எடுக்கலியே, கொஞ்சம்தானே எடுத்தீங்க," என்றாள் அவள். ஆறுதலா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கையை மட்டும் அவர் பக்கம் நீட்டினாள்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக விளக்கினார். சில குழந்தைகளுக்கு இப்படித் துடிப்பு முந்திக்கொண்டு வருமாம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுமாம். ஆனால் சிலருக்குத் திடீரென்று இதயம் தலைதெறிக்க ஓட ஆரம்பித்துவிடும், அதைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து. "காபியை நிறுத்துங்க. அடிக்கடி வந்து காட்டுங்க. ஓடினா அடக்க மருந்து இருக்கு. ஓடுறது நமக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்ன அந்த ஒன்றைத்தான் நம்மவரின் அழகான படம் மறைத்து வைத்திருந்தது.

ஓடியது. இரண்டு தடவை போய்த் திரும்பினோம், ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை டாக்டரம்மா கருவியை வைத்ததும் குதிரை ஓடுகிற சத்தம் போய்த் தையல் மெஷின் சத்தம் கேட்டது. அப்படியே படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். தாய்க்குக் கொடுத்த மாத்திரை பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும். சேருமா, சேர்ந்து அடங்குமா என்று காத்திருந்த அந்த நாட்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வடிகட்டியார் படுக்கையை விட்டு நகரவில்லை. அவள் சொல்வதை எல்லாம் கேட்டார். தலையணை சரியில்லை என்பதை, பக்கத்துப் படுக்கை அம்மாளின் மருமகன் குணத்தை, நர்சின் புதுக் கம்மலை, எதிரே சுவரில் இருந்த விரிசல் ஒட்டகம் மாதிரி இருப்பதை. ஒட்டகத்தை எழுந்து போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். மெல்ல மெல்லத் தையல் மெஷின் அடங்கி, குதிரை திரும்பி வந்தது. நான் மருத்துவமனை வராந்தாவிலேயே விழுந்து கும்பிட்டேன். துடைக்கிறவர் என்னைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார்.

மனிதர் அன்றோடு அடியோடு மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுத வரவில்லை. கருவியில் இப்போது இரண்டு கட்டம் வைத்திருக்கிறார். மேலே சுத்தமானது, கீழே கழித்துப் போட்டது. கீழ்க் கட்டத்தைப் பார்க்காமல் மேல் கட்டத்தைப் பார்க்கவே முடியாதபடி செய்துவிட்டாராம். நிரப்புகிற வேலையை நிறுத்திவிட்டாராம். ஓட்டை இருந்தால் ஓட்டையாகவே இருக்கட்டும் என்கிறார். மருத்துவமனை அதை ஒப்புக்கொண்டது. ஆனால் வீட்டில்? நான் எதிர்வீட்டு அம்மாளின் கதையை எடுத்தால் இப்போதெல்லாம் கை உயர்வதில்லை, உண்மை. பதிலாக, தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பவர் போல முகம் சிவக்க உட்கார்ந்திருக்கிறார். கதை முடிந்ததும் மேலே வந்து மூச்சு விடுகிறார். அந்தப் பாடு படுகிறாரே, அதற்காகவே அவருக்கு இன்னும் ஒரு கதை சொல்லத் தோன்றுகிறது.

அவன் அவன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது பெண்ணாகப் பிறந்தது. இதயம் சரி, குரல் அதைவிடச் சரி. பசி, தூக்கம், ஈரம், வெளிச்சம், ஒன்றுமேயில்லை என்று எதற்கும் ஒரே உச்சத்தில் அழுகிறாள். தந்தை தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று முழுவதையும் கேட்கிறார்.

"இதுல எது சிக்னல், எது நாய்ஸ்? சொல்லுங்க பார்க்கலாம்," என்றாள் அவள்.

"இரு, இன்னும் பேசி முடிக்கல," என்றார்.

என் கொழுந்தனைப் பற்றிச் சிரித்து முடித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது. நீங்கள் அந்த இனம் இல்லை என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனாலும் ஒரு சின்ன விசாரணை. இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். நீங்களும் கண்ணை எடுக்காமல் "ம்" என்றீர்கள்.

அவர் என்ன சொன்னார்?